ஸ்டேஷனுக்கு வக்கீலோடு போனபோது: உங்கள் அனுபவம் என்ன?

கரிசல்காட்டான்:
2021-ல் அப்பா தவறிய மூன்றாம் மாதம், வரப்பைத் தள்ளிப் போட்டுவிட்டார் என்று அம்மா மேல் சித்தப்பா மனு கொடுத்தார். ஸ்டேஷனிலிருந்து போன். "ஒரு விசாரணை, வந்துட்டுப் போங்கம்மா." காலை பத்து மணிக்குப் போன அம்மாவை சாயங்காலம் ஆறு மணி வரை வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள், "அவங்க கேக்குறத விட்டுக்கொடுத்து எழுதிக் கொடுத்துருங்க, பிரச்சினை முடிஞ்சிரும்" என்றார்கள். அன்று ராத்திரி அம்மா சாப்பிடவில்லை.

வக்கீல் வைக்கப் பணம் கிடையாது. பக்கத்து வீட்டு அங்கன்வாடி அக்காதான் கோர்ட் வளாகத்தில் இருக்கும், இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுக்கும் வட்ட சட்டப் பணிகள் குழுவைச் சொன்னார். பெண்கள் என்றால் வருமானமே பார்ப்பதில்லை. 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவு அப்படி. வெள்ளைத் தாளில் ஒரு மனு, ஆதார் நகல், அவ்வளவுதான் கேட்டார்கள். ஒரு வாரத்தில் ஒரு வக்கீலம்மாவை நியமித்துக் கொடுத்தார்கள்.

அவர் வந்து சண்டை போடுவார் என்று நினைத்திருந்தேன். குரலே உயரவில்லை. "இவங்க குற்றம் சாட்டப்பட்டவங்கன்னா எஃப்.ஐ.ஆர். எங்க சார், நோட்டீஸ் எங்க? சாட்சின்னா வீட்டுக்கு வந்துதானே கேக்கணும்?" என்றார். பெண்ணைச் சாட்சியாக விசாரிக்க ஸ்டேஷனுக்குக் கூப்பிடக் கூடாது என்பது அப்போது குற்றவியல் நடைமுறைச் சட்டமான சி.ஆர்.பி.சி.யின் 160-ஆம் பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 179-ஆம் பிரிவு. வரப்பு சிவில் விவகாரம், அளக்க வேண்டியவர் சர்வேயர் என்று அங்கேயே பதில் மனு எழுதி, நகலில் சீலும் தேதியும் வாங்கினார். அதற்கப்புறம் போன் வரவே இல்லை. தாலுகா ஆபீஸில் பணம் கட்டி அளந்தோம். வரப்பு எங்கள் பக்கம்தான் முக்கால் அடி உள்ளே வந்திருந்தது.

ரெண்டுசக்கரம்:
எனக்கு வண்டி திருட்டு. புகார் வந்தது என்பதற்கு மட்டும் கொடுக்கும் சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இன்சூரன்ஸில் எஃப்.ஐ.ஆர். இல்லாமல் நடக்காது என்றார்கள். ஒரு மாதம் அலைந்தேன். கடைசியில் தெரிந்த வக்கீல் ஒருவர் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் புகார் அனுப்பினார். பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று 2013-ல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் அதில் எழுதினார். அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம் என்றார். போக வேண்டி வரவில்லை. ஐந்தாம் நாள் எஃப்.ஐ.ஆர். நகல் கிடைத்தது.

மலர்:
என் அண்ணியையும் இப்படித்தான் போனில் கூப்பிடுகிறார்கள். நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். என்ன செய்வது?

கரிசல்காட்டான்:
தனியாக மட்டும் அனுப்பாதீர்கள். இப்போதே 15100-க்குப் பேசுங்கள், சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச எண். காலையில் கோர்ட்டில் இருக்கும் அந்தக் குழுவுக்கும் போய்விடுங்கள். எந்த எண்ணிலிருந்து, என்றைக்கு, எத்தனை மணிக்குக் கூப்பிட்டார்கள், என்ன சொன்னார்கள் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள். எங்கள் வக்கீலம்மா முதலில் கேட்டது அதைத்தான். எங்களிடம் இல்லை.