ஒரு வருடம் சைக்கிளில் இந்தியா: எப்போது கிளம்புவது, எதைச் சுமப்பது?

நெடுவழி:
வணக்கம். டிசம்பரில் வேலையிலிருந்து விலகுகிறேன். கன்னியாகுமரியில் தொடங்கி ஒரு வருடம் தனியாகச் சைக்கிளில் சுற்றுவதாகத் திட்டம். லடாக்கும் வடகிழக்கும் பார்த்தே ஆக வேண்டும். கியர் சைக்கிள் இருக்கிறது: 700 சி சக்கரம், பின்னால் 32 கம்பி. எந்தப் பக்கமாகப் போவது, பணத்தை எப்படிப் பிரித்து வைப்பது, சைக்கிளில் எதை மாற்றுவது? வெறுமனே மிதித்துக்கொண்டே இருந்தால் மூன்று மாதத்தில் அலுத்துவிடும் என்கிறார்கள். அதற்கும் வழி சொல்லுங்கள்.

பருவக்காற்று:
முதலில் ஒரு வருடக் கணக்கை விடுங்கள். லடாக்குக்கு உகந்தது ஜூன் முதல் செப்டம்பர் வரை. வடகிழக்கு உலர்ந்திருப்பது நவம்பர் முதல் பிப்ரவரி வரை. டிசம்பரில் கிளம்பி இரண்டையும் அந்தந்தப் பருவத்தில் பார்த்துவிட்டு ஊர் திரும்ப 16 மாதம் ஆகும். அவ்வளவு முடியாதென்றால் ஒன்றை இப்போதே கைவிடுங்கள். இரண்டையும் 12 மாதத்துக்குள் திணித்தால் ராஜஸ்தானில் மே மாத வெயிலிலோ இமாச்சலில் ஜூலை மாத நிலச்சரிவிலோ மாட்டுவீர்கள்.

நாளுக்கு 60 கிமீ, வாரத்தில் ஐந்து நாள் என்று வையுங்கள். டிசம்பர் நடுவில் கிளம்பினால் ஜனவரி நடுவில் கோவா, பிப்ரவரி நடுவில் குஜராத், மார்ச் முடிவில் பஞ்சாப். கட்ச்சையும் ராஜஸ்தானையும் மார்ச் நடுப்பகுதிக்குள் தாண்டியாக வேண்டும், இதில் மட்டும் சமரசம் வேண்டாம். ஏப்ரல், மே மாதங்களைக் காங்ராவிலும் காஷ்மீரிலும் மெதுவாகக் கழிக்கலாம்.

கொங்கண் கடற்கரையில் நெடுஞ்சாலையை விட்டு ஓரச் சாலையைப் பிடியுங்கள். ஜெய்கட், தாபோல், திகி ஆகிய இடங்களில் கழிமுகங்களைப் படகில் கடக்கலாம், சைக்கிளையும் ஏற்றிக்கொள்வார்கள். ஏற்றங்கள் குட்டையானவைதான், ஆனால் செங்குத்து. பிற்பகலில் வடமேற்கிலிருந்து கடற்காற்று நேர் முகத்தில் அடிக்கும். விடியும் முன் கிளம்பிப் பதினொரு மணிக்குள் அன்றைய தூரத்தை முடித்துவிடுங்கள்.

லடாக்கின் லே நகருக்கு ஸ்ரீநகர் வழியாக ஏறி, மணாலி வழியாக இறங்குங்கள். ஸ்ரீநகர் வழியில் சோஜி லா கணவாய் சுமார் 3,500 மீட்டர். அதன்பின் கார்கில் 2,700 மீட்டருக்கு இறக்கிவிடும், உடம்பு பழக இடைவெளி கிடைக்கும். மணாலியிலிருந்து ஏறுபவர்கள் சர்ச்சுவில், ஏறக்குறைய 4,300 மீட்டரில், தங்க நேர்கிறது. தலைவலியும் வாந்தியும் பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கும்.

பட்டறை:
32 கம்பி போதும், சக்கரத்தை மாற்ற வேண்டாம். ஆனால் கிளம்புமுன் பின்சக்கரத்தைக் கைதேர்ந்த ஒருவரிடம் கொடுத்து எல்லாக் கம்பியும் ஒரே இறுக்கத்துக்கு வரும்படி கோட்டம் எடுக்கச் சொல்லுங்கள். கம்பி முறிவதற்குப் பாரத்தைவிடத் தளர்ச்சிதான் பெரிய காரணம். தளர்ந்த கம்பி ஒவ்வொரு சுற்றிலும் நெளிந்து, ஹப்பில் வளைகிற முனையில் உடையும். அதிகம் முறிவது பின்சக்கரத்தில், பல்சக்கரம் இருக்கும் வலப்பக்கம். கேசட்டை, அதாவது அந்தப் பல்சக்கர அடுக்கை, கழற்றாமல் அங்கே புதுக் கம்பி கோர்க்க முடியாது, அதைக் கழற்றும் கருவி கிராமத்துக் கடையில் இருக்காது. உங்கள் சக்கரத்துக்கான நீளத்தில் ஆறு கம்பியும் அந்தக் கருவியும் பையில் இருக்கட்டும்.

டியூபும் டயரும் அடுத்த தலைவலி. ஊர்க்கடையில் தொங்குகிற 28 இன்ச் டயர் உங்கள் ரிம்மில் உட்காராது: அதன் உள்விட்டம் 635 மிமீ, உங்களுடையது 622. ஆகவே டயர் ஒன்று, டியூப் இரண்டு எப்போதும் கூடவே வேண்டும். மெல்லிய வால்வு கொண்ட டியூப் என்றால் பித்தளை அடாப்டர் இரண்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் பெட்ரோல் பங்கில் காற்றுப் பிடிக்காது. 38 மிமீ டயருக்குச் சுமையோடு பின்னால் 55, முன்னால் 45 பிஎஸ்ஐ.

சுமை 15 கிலோவைத் தாண்டக் கூடாது. கேரியர் போல்ட்டுகளை வாரம் ஒருமுறை முடுக்குங்கள், குலுக்கலில் கழன்று விழுவது அவைதான். செயின் நீட்சி 0.75 சதவீதம் ஆனதும் மாற்றிவிடுங்கள். தள்ளிப்போட்டால் கேசட் பல்லும் தேய்ந்து செலவு பல மடங்காகும். மலைக்கு, முன்பல்லைவிடப் பின்பல் அதிகமாக இருக்கும் கியர் ஒன்றாவது வேண்டும். முன்னால் 22, பின்னால் 34 இருந்தால் லடாக்கில் முழங்கால் தப்பும்.

நெடுவழி:
மிக்க நன்றி. ரயிலில் ஏற்ற நேர்ந்தால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டுமா?

பட்டறை:
வேண்டாம். ஹேண்டில்பாரைத் திருப்பி, பெடல்களை மட்டும் கழற்றி, பின்னால் கியர் மாற்றும் டிரெய்லியர் பகுதியில் அட்டை சுற்றிப் பார்சல் அலுவலகத்தில் கொடுங்கள். இடப்பக்கப் பெடலுக்கு மரை எதிர்த்திசை. வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும். தெரியாமல் முரட்டுத்தனமாக இறுக்கி மரையைக் கெடுப்பவர்கள் நிறைய.

வரவுசெலவு:
சாப்பாடு, லாட்ஜ், உதிரிபாகம் சேர்த்து நாளுக்குச் சராசரி ₹800 வையுங்கள். மாதம் 24,000, 16 மாதத்துக்கு 3,84,000. அதைச் சேமிப்புக் கணக்கில் மொத்தமாகப் போடாமல், மாதம் ஒன்று முதிர்வதுபோல் தனித்தனி வைப்புநிதிகளாகப் போடுங்கள். சம்பளம்போல் வந்துகொண்டிருக்கும், கையும் மீறாது. திரும்பி வந்தபின் ஆறு மாதம் வாழத் தேவையான தொகை தனி. அதைத் தொடவே கூடாது. வேலை கிடைக்காதோ என்ற பயம் பயணத்தின் கடைசி மாதங்களைத் தின்றுவிடாமல் இருக்க இது ஒன்றே வழி.

கம்பெனி தரும் மருத்துவக் காப்பீடு வேலையோடு முடிந்துவிடும். அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறலாமா என்று விலகும் தேதிக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். மாற முடிந்தால் இதுவரை கழிந்த காத்திருப்புக் காலம் கணக்கில் வரும்.

ப்ரீபெய்ட் சிம்மை இப்போதே போஸ்ட்பெய்டாக மாற்றுங்கள். வெளிமாநில ப்ரீபெய்ட் காஷ்மீரிலும் லடாக்கிலும் எடுக்காது, ஓடிபி வராவிட்டால் வங்கிக் கணக்கும் முடங்கும். அருணாச்சல், நாகாலாந்து, மிசோரம், மணிப்பூர் நான்குக்கும் உள்நுழைவு அனுமதி வேண்டும்; மேகாலயாவுக்குத் தேவையில்லை.

கரிச்சான்:
அலுப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சுதந்திரம் கிடைத்ததும் முதல் இரண்டு மாதம் மயக்கும், பிறகு ஒவ்வொரு காலையும் எதற்கு எழுவது என்று கேட்கும். வழியெங்கும் தொடரக்கூடிய ஒரு வேலையைக் கையில் எடுங்கள். என் பரிந்துரை பறவைக் கணக்கு. தினமும் விடிந்ததும் 15 நிமிடம் ஒரே இடத்தில் நின்று, கண்ட இனங்களையும் எண்ணிக்கையையும் ஈபேர்ட் என்ற இணையப் பறவைப் பதிவேட்டில் பதியுங்கள். 8×42 பைனாகுலர் முக்கால் கிலோதான். பெரிய சாலைகளிலிருந்து விலகிய கிராமங்களிலிருந்து வரும் பட்டியல்கள் ஆராய்ச்சியாளர்களுக்கு உண்மையிலேயே பயன்படும். பிப்ரவரியில் கட்ச்சில் இருந்தால் வலசை வந்த கொக்குக் கூட்டங்களையும் பார்க்கலாம்.

ஆறு வாரத்துக்கு ஒருமுறை இரண்டு வாரம் ஒரே ஊரில் தங்குங்கள். லே அருகே ஃபே கிராமத்தில் செக்மோல் என்ற மாற்றுக் கல்வி அமைப்பின் வளாகம் இருக்கிறது. அங்கே மாணவர்களுடன் ஆங்கில உரையாடல் நடத்தத் தன்னார்வலர்களைச் சேர்க்கிறார்கள், முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும்.

1923-ல் பம்பாயிலிருந்து சைக்கிளில் உலகம் சுற்றக் கிளம்பிய ஆறு பார்சி இளைஞர்களில் மூவர்தான் 1928-ல் சுற்றை முடித்துத் திரும்பினார்கள். நடுவில் நிற்பது இழிவல்ல. அமிர்தசரஸ், லே, குவாஹாத்தி மூன்றையும் நிறுத்தக்கூடிய இடங்களாக இப்போதே குறித்து வையுங்கள். மூன்றிலிருந்தும் விமானம் உண்டு, லே தவிர மற்ற இரண்டிலும் ரயில் உண்டு. ஒவ்வொரு இடத்திலும் மூன்று நாள் தங்கி, தொடர்வதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள். அந்த முடிவை ஏற்றத்தின் நடுவிலோ காய்ச்சலிலோ எடுக்காதீர்கள்.