ரயில் ஓடாத தண்டவாளம் வேண்டும்: போர்ட்ரெய்ட் எடுக்க எங்கே போகலாம்?

சாம்பல்நிலா:
படிப்பு முடித்த ஒரு பெண்ணுக்கு அடுத்த மாதம் போர்ட்ரெய்ட் எடுத்துத் தர ஒப்புக்கொண்டிருக்கிறேன். அவளுக்குத் தண்டவாளம் வேண்டும். இரண்டு கோடும் தூரத்தில் போய் ஒன்றாகச் சேருமே, அந்தப் படம்தான், வேறெதுவும் வேண்டாம் என்கிறாள். மூன்று வருடத்துக்கு முன் ஒரு முறை ஓடும் பாதையில் எடுத்திருக்கிறேன். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஹாரன் கேட்டபோது என் கேமரா பை தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. அதை எடுக்க ஓர் அடி முன்னே வைத்தேன், அப்புறம்தான் பின்வாங்கினேன். அந்த ஓர் அடி இன்னும் தூக்கத்தில் வருகிறது. இனி ஓடும் பாதைக்குப் போவதாக இல்லை. ரயில் சூழலும் இருக்க வேண்டும், ரயிலும் வரக் கூடாது. அப்படி எடுத்தவர்கள் சொல்லுங்கள்.

நேர்கோடு:
பயம் நியாயம்தான், ஆனால் கொஞ்சம் அதிகம். மெயின் லைனுக்கு யாரும் போகச் சொல்லவில்லை. சரக்கு மட்டும் போகிற கிளைப் பாதையைப் பாருங்கள், நாளுக்கு ஒன்றோ இரண்டோ வண்டிதான். நேராகப் போகும் இடமாகத் தேர்ந்தெடுத்து, வண்டி வருகிறதா என்று பார்க்க இரண்டு பக்கமும் ஓர் ஆளை நிறுத்தினால் போதும். பத்து வருடமாக இப்படித்தான் எடுக்கிறேன். அருங்காட்சியகத்தில் எடுத்தால் படமும் அருங்காட்சியகம் மாதிரியே இருக்கும்: சங்கிலி, பலகை, பளபளவென்று புது பெயின்ட்.

பழைய டிரைவர்:
இந்த இழையில் கேமரா பிடிக்கத் தெரியாத ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். 31 வருடம் எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்றவன்.

தம்பி நேர்கோடு, சரக்கு வண்டி எப்போது வரும் என்று உங்களுக்குத் தெரிகிறதா? எனக்கே தெரிந்ததில்லை. சரக்கு ஏறினால் கிளம்புவோம், லைன் கிடைத்தால் போவோம். தனி எஞ்சினும் பாதை பராமரிப்பு வண்டியும் பயணிகள் பார்க்கும் அட்டவணையில் இருக்காது, எந்தத் திசையிலிருந்தும் வரும்.

நீங்கள் நிறுத்தும் ஆளுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். 90 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 25 மீட்டர். அவர் கண்ணுக்கு 300 மீட்டர் வரை தெரிகிறது என்று வையுங்கள். மொத்தம் 12 நொடி. அவர் பார்த்து, கத்தி, அது உங்கள் காதில் விழுந்து, நீங்கள் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்க நாலைந்து நொடி போய்விடும். மிச்சத்தில் குதிகால் செருப்பு போட்ட ஒரு பெண் ஜல்லியில் ஓட வேண்டும். அதே வேகத்தில் பாரம் ஏற்றிய நீள வண்டிக்கு நான் பிரேக் போட்டால் நிற்க ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஆகும். நான் உங்களைப் பார்க்கிறேன் என்பதற்கும் நிற்கிறேன் என்பதற்கும் சம்பந்தமே இல்லை.

இன்னொன்று. நேர் எதிரே வரும் வண்டியின் சத்தம் நீங்கள் நினைக்கிற அளவு முன்னால் வராது, பெரும்பகுதி பக்கவாட்டில்தான் போகும். கண்ணும் ஏமாற்றும். பெரிய பொருள் சிறிய பொருளைவிட மெதுவாக வருவது போலத் தோன்றும் என்று லீபோவிட்ஸ் என்ற உளவியலாளர் 1985இல், லெவல் கிராசிங் விபத்துகளைப் பற்றியே எழுதினார். எங்கள் கேபினில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. வண்டி தூரத்தில்தானே என்று நிற்பவனுக்கு அது தூரத்தில் இல்லை.

நேர்கோடு:
ஐயா, மரியாதையோடுதான் கேட்கிறேன். நான் தண்டவாளத்தின் நடுவிலா நிற்கச் சொன்னேன்? ஓரமாக நிறுத்தி, பாதையைப் பின்னணியில் வாங்கலாமே.

பழைய டிரைவர்:
எவ்வளவு ஓரம்? உலகத்தில் அதிகம் உள்ள ஸ்டாண்டர்டு கேஜில் இரண்டு தண்டவாளத்துக்கும் இடையே 1,435 மில்லிமீட்டர். அதன் மேல் ஓடும் பெட்டியின் அகலம் சுமார் மூன்று மீட்டர். அப்படியென்றால் ஒவ்வொரு பக்கமும் முக்கால் மீட்டருக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டு வருகிறது. அவிழ்ந்த தார்ப்பாய்க் கயிறு, திறந்து ஆடும் கதவு இதெல்லாம் அதற்கும் வெளியே.

ஒரு நாள் சாயங்காலம் வளைவு தாண்டியதும் பாதை ஓரத்தில் சிவப்புத் துணி ஆடியது. சிவப்பு ஆடினால் எங்களுக்கு ஒரே அர்த்தம்தான். எமர்ஜென்சி பிரேக் போட்டேன். கிட்டே வந்தபோது தெரிந்தது, ஒரு பெண் நீளமான துணியைக் காற்றில் வீச, ஒருவர் படம் எடுத்துக்கொண்டிருந்தார். வண்டி அவர்களைத் தாண்டி வெகுதூரம் போய்த்தான் நின்றது. திரும்பிப் பார்த்தால் அந்தப் பெண் எனக்குக் கையசைத்தாள். அடுத்த நிலையம் வரை என் கை நடுங்கியது. அவர்கள் வீட்டுக்குப் போனதும் அது ஒரு அழகான படம்.

துருப்பூ:
நேர்கோடு சகோ, ஆள் நிறுத்துவது பற்றி. 2014 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ஒரு சினிமாக் குழு ரயில் பாலத்தின் மேல் கட்டிலைப் போட்டுக் காட்சி எடுத்தது. பாதையின் சொந்தக்காரரான ரயில் நிறுவனம் அனுமதி மறுத்திருந்தது. எதிர்பார்த்த இரண்டு வண்டிகள் போய்விட்டன, இனி வராது என்று இறங்கினார்கள். மூன்றாவது வந்தது. 27 வயது உதவிக் கேமராக் கலைஞர் இறந்துபோனார். இயக்குநர் மறு வருடம் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார். அவர்கள் நம்மைப் போல இரண்டு பேர் இல்லை, ஒரு முழுத் தொழில்முறைக் குழு.

நேர்கோடு:
அது பாலம். இறங்க இடமே இல்லை. இரண்டையும் ஒன்றாக்காதீர்கள்.

சரி, ஓடும் பாதையை விடுங்கள். கைவிட்ட பாதை? தண்டவாளத்தின் தலை பளபளவென்று இருந்தால் சக்கரம் ஓடுகிறது, துருப்பிடித்திருந்தால் ஓடவில்லை. இதைக்கூடவா ஒத்துக்கொள்ளமாட்டீர்கள்?

பழைய டிரைவர்:
பளபளப்பு இருந்தால் ஓடுகிறது, அது சரி. துரு இருந்தால் ஓடவில்லை என்பது தப்பு. சில நாள் மழை போதும், துரு ஏறிவிடும். மாதத்துக்கு ஒரு முறை வண்டி தள்ளும் சைடிங், அதாவது பக்கப் பாதை, எப்போதும் சிவப்பாகத்தான் கிடக்கும். பாதை செத்துவிட்டது என்று எனக்குத் தெரிய வேண்டுமானால் இரு முனையும் வெட்டி எடுக்கப்பட்டிருக்க வேண்டும், இல்லை தண்டவாளத்தைத் தாங்கும் சிலீப்பர் கட்டைகளுக்கு நடுவே என் கை தடிமனில் மரம் நிற்க வேண்டும். அப்போதும் அந்த நிலத்துக்கு யாரோ ஒரு சொந்தக்காரர் இருப்பார். அவரிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

சாம்பல்நிலா:
எங்கே போகக் கூடாது என்பது எனக்கு ஏற்கெனவே புரிந்துதான் இந்த இழையைத் தொடங்கினேன் ☺ எங்கே போகலாம் என்று யாராவது சொல்லுங்களேன்.

துருப்பூ:
சொல்கிறேன் அக்கா. நான் ஆறு வருடமாக இதைத்தான் எடுக்கிறேன்.

முதலில் ரயில் அருங்காட்சியகம். எல்லோரும் வெளியே நிற்கும் எஞ்சின் முன்னால் நிற்க வைத்து எடுத்துவிட்டு, செயற்கையாக இருக்கிறது என்பார்கள். ஷெட்டுக்குள் போங்கள். புகை போவதற்காகக் கூரையில் விட்ட திறப்பு இருந்தால் அதிலிருந்து இறங்கும் வெளிச்சம் வெளிச்சத்தை மென்மையாக்கும் எந்த சாஃப்ட்பாக்ஸ் விளக்கிலும் கிடைக்காது. பழைய பெட்டிக்குள் ஜன்னலோரம் உட்கார வைத்து எதிர் இருக்கையிலிருந்து 50 எம்எம் லென்ஸில் எடுத்தால் சங்கிலியும் இல்லை, பலகையும் இல்லை. படிக்கட்டுக் கைப்பிடியின் பித்தளை தேய்ந்திருக்கும் பாருங்கள், அதன் மேல் ஒரு கை, அவ்வளவே ஒரு படம். ட்ரைபாடுக்கும் தொழில்முறைப் படப்பிடிப்புக்கும் தனி அனுமதி கேட்கும் இடங்கள் உண்டு, முன்பே கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது, பாரம்பரிய ரயில் ஓட்டும் சங்கங்கள். பல சங்கங்கள் எல்லா நாளும் வண்டி ஓட்டுவதில்லை. ஓடாத நாளில் அவர்கள் ஆள் ஒருவர் கூட நிற்க, பாதையிலேயே எடுக்க விடுவார்களா என்று எழுதிக் கேளுங்கள். என் சிறந்த படங்கள் எல்லாம் அப்படிக் கிடைத்தவை. கூட வரும் தன்னார்வலர் எஞ்சின் கதை சொல்ல ஆரம்பித்தால் மட்டும் ஒரு மணி நேரம் போய்விடும், அதையும் கணக்கில் வையுங்கள்.

அப்புறம் நடைபாதையாக மாறிய பழைய பாதைகள். நியூயார்க்கின் ஹை லைனில் 1980இல் வண்டி நின்றது, 2009இல் பூங்காவாகத் திறந்தார்கள், செடிகளுக்கு நடுவே பழைய தண்டவாளத்தைத் திரும்பப் பதித்திருக்கிறார்கள். ஜப்பானின் ஒட்டாருவில் 1985இல் மூடிய தெமியா பாதையின் ஒரு பகுதியும் தண்டவாளத்தோடு நடைபாதையாக இருக்கிறது. இந்த மாதிரி இடம் எங்கே இருந்தாலும் அதிகாலையில் போங்கள். பத்து மணிக்கு மேல் கூட்டம்.

ஒரு சின்ன விஷயம், இது நான் பட்டது. பழைய மரச் சிலீப்பரில் கிரியோசோட் எண்ணெய் ஊறியிருக்கும். வெயிலில் அது கசியும். வெள்ளை உடையோடு உட்கார்ந்தவர் எழுந்தபோது பின்பக்கம் கருப்புக் கோடு, சலவைக்குப் போட்டும் போகவில்லை. அடியில் துணி போடுங்கள்.

பழைய டிரைவர்:
ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். அருங்காட்சியகம் ஓடும் பாதையை ஒட்டியிருந்தால் மேலே கம்பியைப் பாருங்கள். பல நாடுகளில் அதில் 25,000 வோல்ட். தொடவே வேண்டாம், பக்கத்தில் போனாலே தாவும். உங்கள் வெள்ளி ரிஃப்ளெக்டர், உயர நீட்டும் விளக்குக் கம்பம், ஜிகினா பலூன் எதுவும் அங்கே கூடாது. நிலையத்துப் பிளாட்பாரத்துக்கும் இதேதான்.

நேர்கோடு:
இடப் பட்டியல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பெண் கேட்டது ஜன்னல் இல்லை, இரண்டு கோடும் சேரும் படம். காட்சிக்கு வைத்த தண்டவாளம் எவ்வளவு நீளம் இருக்கும்? இருபது மீட்டர். அதில் எங்கே சேரும்? நான் தூரத்தை இழுத்துக் காட்டும் 135 எம்எம் லென்ஸில் எடுப்பவன். முழு உருவத்துக்கு எட்டு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். பின்னால் பாதை முடிந்து சுவர் தெரியும்.

துருப்பூ:
135ஐப் பையில் வையுங்கள். 50 எம்எம், கேமரா தரையிலிருந்து 30 சென்டிமீட்டர், ஆள் நாலு மீட்டரில், நீங்கள் சரியாக நடுக்கோட்டில்.

ஏன் என்று சொல்கிறேன். நின்றபடி 1.5 மீட்டர் உயரத்திலிருந்து பார்த்தால் இருபது மீட்டரில் முடியும் பாதையின் நுனி அடிவானத்துக்கு நாலு டிகிரிக்கு மேல் கீழே கிடக்கும், குட்டையான பாதை என்று உடனே தெரிந்துவிடும். 30 சென்டிமீட்டருக்கு இறங்கினால் அது ஒரு டிகிரிகூட இல்லை, கிட்டத்தட்ட அடிவானத்தையே தொடும். அடுத்து அகலம். இருபது மீட்டரில் இருக்கும் 1,435 மில்லிமீட்டர் இடைவெளி, நாலு மீட்டரில் நிற்கும் ஆளுக்குப் பக்கத்தில் வெறும் 29 சென்டிமீட்டராகத் தெரியும். நீளக் கவுன் போட்டு நின்றால் அந்த 29 சென்டிமீட்டரும் முழங்காலுக்குக் கீழே துணிக்குப் பின்னால் மறைந்துவிடும். இரண்டு கோடும் அவளிடம் வந்து சேர்கிற மாதிரி இருக்கும். பாதை அதற்குப் பின் எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது. உங்கள் எட்டு மீட்டரில் அதே நுனி 57 சென்டிமீட்டர் ஆகும், மறைக்க முடியாது.

சுவர் மட்டும் மேலே தெரியும். லென்ஸை f/1.8 வரை அகலத் திறந்து அதை மங்கலாகக் கரைக்கலாம், இல்லை பின்னால் மரம் இருக்கும் பக்கமாகத் திரும்பலாம்.

நேர்கோடு:
கணக்கு சரிதான். போட்டுப் பார்த்தேன். ஆனால் 50இல் வரும் பின்னணி வேறு, 135இல் நெருங்கி வரும் பின்னணி வேறு. அதை மட்டும் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

கேள்விக்குறி:
எல்லோரும் ஒரு விஷயத்தைத் தாண்டிப் போகிறீர்கள். துருப்பூ சொன்ன வித்தை வேலை செய்கிறது, அதுதான் பிரச்சினையே. பார்க்கிறவருக்கு அது ஓடும் பாதையாகத் தெரியும். பதினேழு வயதுப் பையன் அதைப் பார்த்துவிட்டு அருங்காட்சியகத்துக்கா போவான்? வீட்டுக்குப் பக்கத்து லைனுக்குப் போவான். பாதுகாப்பாக எடுத்த படமும் பாதுகாப்பில்லாத படத்துக்கு விளம்பரம்தான்.

துருப்பூ:
சண்டைக் காட்சி எடுப்பவர் கத்தி விளம்பரம் செய்கிறாரா? எங்கே எடுத்தது என்று படத்துக்குக் கீழே எழுதுகிறேன்.

கேள்விக்குறி:
படத்தை எடுத்துப் போட்டுப் பகிர்கிறவர் உங்கள் வரியையும் சேர்த்தா பகிர்கிறார்? எழுத்து உதிர்ந்துவிடும், படம்தான் ஊர் சுற்றும். கத்தியைப் பிடிப்பது ஆபத்து என்று பார்க்கிறவருக்குத் தெரியும். தண்டவாளத்தில் உட்காருவது சும்மா அழகாக இருக்கிறது.

பழைய டிரைவர்:
இவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. அந்தச் சிவப்புத் துணிப் பெண் எங்கேயோ ஒரு படத்தைப் பார்த்துத்தான் வந்திருப்பாள். அதற்காக எடுக்கவே கூடாது என்று எனக்குச் சொல்ல வரவில்லை. எஞ்சின் எனக்கும் பிடிக்கும்.

துருப்பூ:
சரி, எனக்கு இதற்கு முழுப் பதில் இல்லை. இனி பாதை முனையில் தடுப்பாக நிற்கும் பஃபரையோ, சக்கரத்துக்கு அடியில் வைத்த கட்டையையோ ஓரமாக உள்ளே விட்டு எடுத்துப் பார்க்கிறேன். வண்டி நகராது என்று படமே சொல்லட்டும்.

கேள்விக்குறி:
அதைச் செய்யுங்கள். நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

சாம்பல்நிலா:
ஐந்து வாரம் கழித்து வருகிறேன். ஒரு அருங்காட்சியகத்துக்கு எழுதினேன், வாரநாள் காலையில் இரண்டு மணி நேரம் தந்தார்கள், ட்ரைபாடு இல்லாமல். கேமராவைச் சுருட்டிய துண்டின் மேல் வைத்துக் குப்புறப் படுத்து எடுத்தேன். காட்சித் தண்டவாளம் பதினெட்டு மீட்டர்தான். அந்தப் பெண்ணின் கவுன் பாதையின் நுனியை மறைத்தது, இரண்டு கோடும் அவள் காலடியில் போய்ச் சேர்ந்தன. அவளுக்கு மிகவும் பிடித்துவிட்டது. கேள்விக்குறி சொன்னதற்காக இடது ஓரத்தில் சக்கரக் கட்டையை விட்டிருக்கிறேன். அவள் அதை வெட்டச் சொன்னாள், நான் வெட்டவில்லை.

வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தபோது எஞ்சின் சிலிண்டரின் பளபளப்பில் "ஏறாதீர்கள்" பலகை இடம் வலம் மாறித் தெரிகிறது.

நேர்கோடு:
எத்தனை எம்எம்?

சாம்பல்நிலா:
50.

நேர்கோடு:
ம். அந்த அருங்காட்சியகத்தில் எட்டு மீட்டர் பின்னால் போக இடம் இருக்கிறதா?