பாட்டோஸ் தீவில் நங்கூரம் பிடிக்க மறுக்கிறது: வழி சொல்லுங்கள்

வாஷிங்டன் மாநிலத்தின் சான் வான் தீவுக்கூட்டத்தில், கனடா எல்லையை ஒட்டியிருக்கும் பாட்டோஸ் தீவுக்கு இந்தக் கோடையில் இரண்டு முறை சென்றும், ஒரு முழு இரவுகூட அங்கே தங்க முடியாமல் திரும்பினேன். படகில் மட்டுமே போகக்கூடிய கடல்சார் பூங்கா அது. படகுத்துறை இல்லை, குடிநீரும் இல்லை, 1893இல் தொடங்கிய கலங்கரை விளக்கமும் சில கூடார இடங்களும்தான் உண்டு. ஆக்டிவ் கோவ் என்னும் சிறுகுடாவில் இருக்கும் படகு கட்டும் இரண்டு மிதவைகளும் இருமுறையும் முன்பே நிறைந்திருந்தன.

என்னுடையது 22 அடி ஃபைபர் படகு. 6 கிலோ டான்ஃபோர்த் வகை (இரண்டு தட்டையான அலகுகள் கொண்ட) நங்கூரம், 2 மீட்டர் சங்கிலி, மீதி நைலான் கயிறு. ஆழம் சுமார் 6 மீட்டர். காற்று அடங்கியே இருந்தது; ஆனால் நள்ளிரவுக்குப் பின் நீரோட்டம் திசை மாறியதும் படகு மெல்ல நகரத் தொடங்கி, அதன் பின்முனை பாறையிலிருந்து இரண்டு கை தூரத்தில் நின்றது. மேலே இழுத்தபோது நங்கூரத்தின் இரு அலகுகளுக்கும் நடுவே கடற்புல் பாய்போலச் சுருண்டிருந்தது.

மூன்று இடங்களில் மாற்றிப் போட்டேன். பின்னோக்கி எஞ்சினை ஓட்டி அழுத்திப் பார்த்தேன். கயிற்றை 35 மீட்டரிலிருந்து 50 மீட்டராக நீட்டினேன், ஆனால் குடா குறுகலானதால் படகு சுழலும் வட்டமே ஆபத்தாகிவிட்டது. அருகிலுள்ள சூசியா தீவுக்குப் போகலாம் என்பது எனக்கும் தெரியும்.

ஆகஸ்ட் இறுதியில் மீண்டும் செல்கிறேன்: கடற்புல் மண்டிய இத்தகைய குறுகிய குடாவில், நீரோட்டம் திரும்பினாலும் பிடி விடாதிருக்க, எந்த வகை நங்கூரத்தை எவ்வளவு சங்கிலியுடன் போட வேண்டும்?