கீமோ நடக்கும்போது நடக்கலாமா, படுத்தேதான் இருக்க வேண்டுமா?

மாலைநடை:

எல்லோருக்கும் வணக்கம். பல மாதமாக இங்கே படிக்க மட்டும் வந்துபோய்க்கொண்டிருந்தேன், இன்றுதான் எழுதுகிறேன். வயது 46. இடது மார்பில் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்தது, அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்துவிட்டார்கள். மூன்று வாரத்துக்கு ஒன்று என்று நான்கு கீமோ போட்டாகிவிட்டது. அடுத்த வாரத்தில் இருந்து பேக்லிடாக்செல் என்ற வேறு கீமோ மருந்து, வாரம் ஒன்று வீதம் 12.

என் கேள்வி மருந்தைப் பற்றியது இல்லை. நோய் வருவதற்கு முன்னால் தினமும் ஒரு மணி நேரம் நடப்பவள் நான். இப்போது வீட்டில் என்னை எதற்குமே எழ விடுவதில்லை. தண்ணீர் எடுக்கப் போனால்கூட மாமியார் ஓடி வருகிறார், மகள் "நீ படும்மா" என்கிறாள், கணவர் வேலை இடத்தில் இருந்து அடிக்கடி அழைத்து தூங்கினாயா என்று கேட்கிறார். எல்லாம் அன்பால்தான், புரிகிறது. ஆனால் படுக்கப் படுக்க அசதி கூடுகிறதே தவிர குறையவில்லை. பத்து மணி நேரம் தூங்கி எழுந்தாலும் உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது. போன வாரம் மாடிப்படி ஏறும்போது எட்டாவது படியிலேயே தொடை நடுங்கி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். நோய் என்று தெரிந்த அன்றுகூட நான் அழவில்லை, அந்தப் படியில் நின்று அழுதேன்.

டாக்டரிடம் கேட்டதற்கு "முடிஞ்சதைச் செய்யுங்க" என்றார். முடிந்தது என்றால் எவ்வளவு? எது ஆபத்து? இடது கையால் இனி ஆயுளுக்கும் எதையும் தூக்கக் கூடாது என்று வார்டில் பக்கத்துக் கட்டில் அம்மா சொன்னார், அது உண்மையா? இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள்.

பழையபடிக்கட்டு:

சகோதரி, அந்த எட்டாவது படி எனக்கும் தெரியும். எனக்குப் பெருங்குடலில். ஆபரேஷனுக்குப் பிறகு ஆறு மாதம் கீமோ, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஆக்சாலிபிளாட்டின் என்ற மருந்தும் சேர்த்து. முதல் இரண்டு மாதம் நானும் படுத்தே கிடந்தேன். கட்டிலில் கிடப்பதால் தசை எவ்வளவு சீக்கிரம் கரைகிறது என்பது என் பேன்ட் தொடைப் பக்கம் தொளதொளவென்று ஆனபோதுதான் தெரிந்தது.

எனக்கு உதவியது ஒரு காலண்டர். ஒவ்வொரு நாளும் அசதிக்கு பத்துக்கு எத்தனை என்று ஒரு எண், எவ்வளவு நேரம் நடந்தேன் என்று இன்னொரு எண், அவ்வளவுதான் எழுதினேன். மூன்று சுற்று முடிந்ததும் ஒரு ஒழுங்கு கண்ணில் பட்டது. மருந்து ஏறிய முதல் இரண்டு நாள் தெம்பாகவே இருப்பேன் (வாந்திக்காகக் கொடுக்கும் ஸ்டீராய்டின் வேலை அது, நம் சொந்தத் தெம்பு இல்லை, தூக்கத்தையும் கெடுக்கும்), நான்காம் ஐந்தாம் நாள் அப்படியே விழுந்துவிடுவேன், எட்டாம் நாளில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே வருவேன். அது தெரிந்த பிறகு நான்காம் நாளில் என்மேல் கோபப்படுவதை விட்டேன். அன்று வீட்டுக்குள்ளேயே ஐந்து நிமிடம், பத்தாம் நாளில் இருபது நிமிடம் என்று பிரித்துக்கொண்டேன். உங்களுக்கு இனி வாராவாரம் என்பதால் ஒழுங்கு வேறு மாதிரி இருக்கும், எழுதிப் பாருங்கள்.

நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நல்ல நாளில், பழைய ஆளாகிவிட்டேன் என்று நினைத்து ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு, மூன்று நாள் எழ முடியாமல் கிடந்தேன். அதற்குப் பிறகு எனக்கு நானே வைத்துக்கொண்ட கணக்கு, இதே அளவு இன்னொரு தடவை நடக்க முடியும் என்று தோன்றும்போதே திரும்பிவிடுவது.

2025ல் ஒரு பெரிய ஆய்வு வெளியானது, படித்திருப்பீர்கள். பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷனும் கீமோவும் முடித்த 889 பேர். ஒரு பாதிக்கு மூன்று ஆண்டு முறையான உடற்பயிற்சித் திட்டம், பயிற்சியாளர் துணையோடு. இன்னொரு பாதிக்கு உடல்நலக் கையேடு மட்டும். எட்டு ஆண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் முதல் குழுவில் சுமார் 90 சதவீதம், இரண்டாவதில் சுமார் 83. இது என் வகை நோய்க்கு, அதுவும் கீமோ முடிந்த பிறகு செய்த பயிற்சிக்குக் கிடைத்த கணக்கு, உங்களுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஷூவை மாட்டவே மனம் வராத காலையில் அந்த எண்தான் என்னை வாசலுக்குக் கொண்டுபோகிறது.

பிசியோ தோழி:

புற்றுநோய்ப் பிரிவில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். உங்கள் ரிப்போர்ட்டைப் பார்க்காமல் பொதுவாகத்தான் சொல்ல முடியும், இதை எடுத்துக்கொண்டு போய் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

முதலில் கை. "ஆயுளுக்கும் தூக்கக் கூடாது" என்பது, அக்குள் முடிச்சுகளை எடுத்த பக்கத்துக் கை வீங்கிவிடும் என்ற பயத்தில் ஒரு காலத்தில் நாங்களே சொன்னதுதான், அதனால் அந்த அம்மாவைக் குறை சொல்ல முடியாது. 2009ல் வந்த ஒரு ஆய்வு அதை மாற்றியது. மார்பகப் புற்றுநோய்க்குப் பிறகு ஏற்கெனவே கை வீங்கியிருந்த 141 பெண்களில் ஒரு பாதியை வாரம் இரண்டு முறை எடை தூக்க வைத்தார்கள். மிகக் குறைவாகத் தொடங்கி, பயிற்சியாளர் கண் முன்னால், மெல்ல மெல்லக் கூட்டி. வீக்கம் கூடவில்லை. திடீரென்று வீக்கம் மோசமாவது தூக்காதவர்களைவிட இவர்களுக்குக் குறைவாகவே நடந்தது. அதனால் கையைத் தொட்டிலில் போட்டு வைக்க வேண்டியதில்லை. ஆபரேஷன் காயம் ஆறி, தோள் முழுசாக மேலே போகிறதா என்று ஒரு பிசியோ பார்த்த பிறகு, அரை கிலோவில் தொடங்கலாம். மோதிரம் இறுகுவது, கை கனப்பது, ரவிக்கைக் கை ஒரு பக்கம் மட்டும் பிடிப்பது என்றால் நிறுத்திவிட்டுக் காட்டுங்கள். கை சிவந்து சூடாக இருந்தால் அது தொற்றாக இருக்கலாம், அன்றே போக வேண்டும்.

அடுத்தது அசதி. கீமோ அசதி உழைத்துக் களைத்த அசதி மாதிரி இல்லை, அதனால்தான் தூங்கினாலும் போவதில்லை. இதற்குக் கையில் இருக்கும் வழிகளில் நன்றாக வேலை செய்வது உடலை அசைப்பதுதான் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை, நீங்கள் படுத்துப் பார்த்ததால் நம்புவீர்கள் என்று நினைக்கிறேன். ஆனால் அதற்கு முன் ஹீமோகுளோபின், தைராய்டு இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். வலி, தூக்கம், மனச்சோர்வு பற்றியும் மறைக்காமல் பேசுங்கள். ரத்தம் குறைவாக இருக்கிற ஒருவரை வெறுமனே நடக்கச் சொல்வது கொடுமை.

எவ்வளவு என்று கேட்டீர்கள். பல நாட்டு நிபுணர்கள் கூடி 2019ல் வெளியிட்ட பரிந்துரையில் வாரம் மூன்று நாள் 30 நிமிடம் மிதமான நடையோ சைக்கிளோ, அதோடு வாரம் இரண்டு நாள் தசைப் பயிற்சி என்று இருக்கிறது. அசதி, பதற்றம், மனச்சோர்வு எல்லாவற்றுக்கும் இந்த அளவே பலன் தருகிறது. இது போய்ச் சேர வேண்டிய இடம், நாளைக் காலையே செய்ய வேண்டியது இல்லை. ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று தடவை, அப்படித் தொடங்குங்கள். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட மூச்சு போதக் கூடாது, அந்த வேகம்தான் மிதம்.

உங்கள் தொடை நடுக்கத்துக்கு நாற்காலிப் பயிற்சி. கைப்பிடி உள்ள, நகராத நாற்காலியை முதுகுப்பக்கம் சுவரை ஒட்டிப் போட்டு, உட்கார்ந்து எழ வேண்டும். ஐந்து தடவை, ஓய்வு, இன்னொரு ஐந்து. முதலில் கையை ஊன்றி எழுங்கள், பிறகு ஊன்றாமல். படுக்கையும் ஸ்டீராய்டும் முதலில் கை வைப்பது தொடையில்தான், திரும்ப வருவதும் அங்கே நன்றாகவே வரும்.

பேக்லிடாக்செல் தொடங்கினால் விரல் நுனியும் பாதமும் மரத்துப்போகலாம். தரை காலுக்குத் தெரியாமல் போகும்போதுதான் விழுகிறார்கள். வெறுங்காலோடு நடக்க வேண்டாம், குதிகால் மூடிய ஷூ போடுங்கள், இருட்டில் நடக்காதீர்கள், தினமும் உள்ளங்காலில் காயம் இருக்கிறதா என்று பாருங்கள். போட்டு முடித்த நான்கு கீமோவில் சிவப்பு நிற மருந்து இருந்திருந்தால் அது சிலருக்கு இதயத்தைத் தொடக்கூடியது. எக்கோ (இதயத்தைப் பார்க்கும் ஸ்கேன்) எப்போது எடுத்தார்கள், எப்படி இருந்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பயிற்சியை விட்டுவிட்டு மருத்துவமனையைக் கூப்பிட வேண்டிய நாட்களும் உண்டு. காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டால் காத்திருக்கக் கூடாது, நள்ளிரவானாலும் சரி. நெஞ்சு வலி, புதிதாக மூச்சு வாங்குவது, மயக்கம், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது (ரத்தக்கட்டாக இருக்கலாம்), எங்காவது ரத்தம் கசிவது, இவையும் அப்படித்தான். நிற்காத வாந்தி பேதி என்றால் முதலில் உடம்பில் நீர் ஏற வேண்டும், நடையெல்லாம் அப்புறம். பிளேட்லெட் (ரத்தத்தை உறைய வைக்கும் அணு) 50,000க்குக் கீழே போனால் டாக்டரைக் கேட்காமல் எடை தூக்குவது, மூச்சைப் பிடித்துச் செய்வது எதுவும் வேண்டாம். வெள்ளை அணு குறைந்திருக்கும் நாட்களில் கூட்டமான ஜிம்முக்குப் போகாதீர்கள், திறந்தவெளியில் நடங்கள்.

கூடநடப்பவன்:

நான் நோயாளி இல்லை, நோயாளியின் கணவன். உங்கள் கணவரும் மாமியாரும் செய்வதை அப்படியே செய்தவன். என் மனைவியை ஏழு வாரம் கட்டிலை விட்டு இறங்கவே விடவில்லை. ஒருநாள் அவள் சத்தம் போடாமல், "நான் செத்துப் பழகுற மாதிரி இருக்கு" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அன்று இரவு முழுக்க எனக்குத் தூக்கம் இல்லை.

எங்களுக்குச் செய்ய ஏதாவது வேண்டும், அதுதான் விஷயம். மருந்து நம் கையில் இல்லை, ஸ்கேன் நம் கையில் இல்லை, அதனால் போர்வையையும் தண்ணீர்ச் சொம்பையும் பிடித்துக்கொள்கிறோம். அவர்களைத் தடுக்காதீர்கள், வேறு வேலை கொடுங்கள். நான் மடக்கு நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு அவளுக்கு ஓர் அடி பின்னால் நடப்பேன், கையைப் பிடிக்க மாட்டேன். அவள் உட்கார வேண்டும் என்றால் உட்காருவாள். வேலையில் இருந்து அழைத்தால் தூங்கினாயா என்று கேட்பதை விட்டுவிட்டு இன்று எத்தனை சுற்று நடந்தாய் என்று கேட்பேன். சுற்று எதுவும் இல்லை என்றால் சரி என்று சொல்லி வேறு பேச்சுக்குப் போய்விடுவேன், ஏன் இல்லை என்று கேட்பதில்லை. அந்த இரண்டாவதைக் கற்றுக்கொள்ளத்தான் எனக்கு நாளாயிற்று.

மெல்லமெல்ல:

எல்லோரும் நடையைப் பற்றியே பேசுவதால் இன்னொரு பக்கத்தையும் எழுதுகிறேன். எனக்கு நோய் எலும்புக்குப் பரவியிருக்கிறது, முதுகெலும்பில் இரண்டு இடம். குதிப்பது, உடலை முறுக்கித் திரும்புவது, குனிந்து கனம் தூக்குவது எதுவும் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள், இணையத்தில் பார்த்த யோகாவைச் செய்யக் கூடாது என்று தனியாகவும் சொன்னார்கள். அதனால் என் பயிற்சி நாற்காலியில்தான். குதிகாலைத் தூக்கி இறக்குவது, ஒவ்வொரு காலாக நீட்டி ஐந்து எண்ணுவது, ரப்பர் பட்டையை மெல்ல இழுப்பது. வலி நன்றாகக் கட்டுக்குள் இருக்கும் நேரத்தில் கூடத்தில் நான்கு நடை. புதிதாக முதுகு வலித்தாலோ கால் பலம் குறைந்தாலோ உடனே போக வேண்டும், அது தண்டுவடத்தை அழுத்துவதாக இருக்கலாம்.

தங்கை, ஒன்றே ஒன்று. "நன்றாக நடந்தால் கேன்சர் போய்விடும்" என்று உங்களிடம் யாராவது சொல்வார்கள். என்னிடம் சொன்னவர்கள் நிறையப் பேர். எனக்கு நோய் பரவியபோது நான் போதுமான அளவு நடக்கவில்லையோ என்று ஒரு மாதம் என்னையே தின்றுகொண்டேன். நடை மருந்துக்குத் துணை, மருந்துக்குப் பதில் இல்லை. எழ முடியாத நாள் வந்தால் அது உங்கள் குற்றமும் இல்லை.

மாலைநடை:

மூன்று வாரமாயிற்று, எல்லோருக்கும் பதில் சொல்லாமல் இருந்ததற்கு மன்னியுங்கள். மெல்லமெல்ல அக்கா, உங்கள் கடைசிப் பத்தியை நானும் கணவரும் சேர்ந்து படித்தோம்.

ஹீமோகுளோபின் 9.1 இருந்தது, அதற்கு மருத்துவம் தொடங்கிவிட்டார்கள். எக்கோ சரியாக இருக்கிறது. மருத்துவமனையில் பிசியோவைப் பார்த்தேன், தோள் இன்னும் முழுசாகப் போகவில்லை என்று சுவரில் விரலால் ஏறும் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள், எடை அதற்குப் பிறகுதான். மகள் காலண்டர் பொறுப்பை எடுத்துக்கொண்டாள். காலையில் ஏழு நிமிடம், மாலையில் ஆறு. நாற்காலிப் பயிற்சிக்கு மாமியார் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து என்னோடு சேர்ந்து எழுகிறார், அவர் பத்து, நான் எட்டு. வாரத்தில் மூன்றாம் நாள்தான் எனக்கு மோசமான நாள் என்று காலண்டர் சொல்கிறது. அசதி போய்விடவில்லை, ஆனால் மதியம் கண் விழித்து உட்கார்ந்திருக்க முடிகிறது.

ஒரு சந்தேகம். மூன்றாவது பேக்லிடாக்செல்லுக்குப் பிறகு இரண்டு கால் கட்டைவிரலிலும் லேசாக எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது. நடக்கும்போது தெரிவதில்லை, இரவில்தான். இதைச் சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. சொல்லத்தான் வேண்டுமா?

பிசியோ தோழி:

சொல்லுங்கள், அடுத்த டோஸ் ஏறுவதற்கு முன்னாலேயே சொல்லுங்கள். லேசாக இருக்கும்போது தெரிந்தால் கவனித்துக்கொண்டே தொடரலாமா, அளவைக் குறைக்கலாமா, இடைவெளி விடலாமா என்று டாக்டர் யோசிக்க இடம் இருக்கும். மறைத்து வைத்து முற்றிய பிறகு வந்தால் அந்த வழிகள் குறைந்துவிடும், சிலருக்கு மரப்பு பல மாதம் போகாமல் நிற்கிறது. எந்த விரல், எந்த நேரம், பொத்தான் போட முடிகிறதா, செருப்பு நழுவுகிறதா என்று மகளை அந்தக் காலண்டரிலேயே குறிக்கச் சொல்லுங்கள். நடையை விட வேண்டாம், ஷூவோடு, வெளிச்சத்தில், ஒரு பக்கம் சுவர் இருக்கிற மாதிரி.