நர்ஸ் தனியா கிளினிக் வைக்க முடியுமா?

மலர்_78: பிஎஸ்சி நர்சிங், 12 வருஷ அனுபவம். எங்க ஊர்ல சுகர், பிபி பாக்கவே பஸ் புடிச்சு போகணும், சின்னதா கிளினிக் போடலாமான்னு யோசிக்கிறேன், சட்டப்படி சிக்கல் வருமா?

தஞ்சாவூரான்: வரும்க்கா. நம்மூர்ல நர்ஸ் தனியா மருந்து எழுதக்கூடாது. டாக்டர் ஒருத்தர் கூட இருக்கணும், தமிழ்நாட்டோட 1997 கிளினிக்கல் எஸ்டாப்ளிஷ்மென்ட்ஸ் (மருத்துவ நிலையங்கள்) சட்டத்துல பதிவும் பண்ணணும், ஊசி பஞ்சு குப்பைக்கு தனி ஏற்பாடு வேற.

ராஜி: நான் அமெரிக்கால, ஓரிகன்ல இருக்கேன். இங்க நர்ஸ் பிராக்டிஷனர் தனியாவே கிளினிக் நடத்தி மருந்தும் எழுதலாம், ஆனா அதுக்கு மாஸ்டர்ஸ் மாதிரி மேல்படிப்பு வேணும். டெக்சாஸ்ல டாக்டரோட ஒப்பந்தம் இல்லாம எழுத முடியாது, ஸ்டேட்டுக்கு ஸ்டேட் மாறும்.

மலர்_78: அப்ப டாக்டர் எழுதினதுக்கு வீட்டுக்கே போய் டிரெஸ்ஸிங், கதீட்டர் (சிறுநீர் குழாய்) மாத்துறதுன்னு ஆரம்பிக்கலாமா?

தஞ்சாவூரான்: அது நல்ல ஐடியா, டாக்டர் சீட்டு காப்பிய மட்டும் பத்திரமா வச்சுக்கோங்க. போர்டுல கிளினிக்னு போட்றாதீங்க 😄