ஞாயிறு காலை தெருவை மூடி பிள்ளைகளை சைக்கிள் ஓட்ட விடுவது: யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

வாசல்திண்ணை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் சென்னை அண்ணா நகர் மேற்கில் இருக்கிறோம். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஆறு. இரண்டு பேருக்கும் சைக்கிள் இருக்கிறது, ஓட்டத்தான் இடம் இல்லை. அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் தூண்களுக்கு நடுவே எட்டு போட்டுப் போட்டு மகளுக்கு அலுத்துவிட்டது, அதற்கே கீழ்வீட்டுப் பெரியவர் தன் காரில் கீறல் விழுந்துவிடுமோ என்று நாற்காலி போட்டு உட்கார்ந்து காவல் காக்கிறார். பூங்காவுக்குக் கொண்டுபோனால் வாட்ச்மேன் கேட்டிலேயே விசில் அடித்துத் திருப்பி அனுப்புகிறார். தெருவில் விடலாம் என்றால் காலை ஆறரைக்கே தண்ணீர் லாரி, அது போனால் ஸ்கூட்டரில் தப்பு வழியில் வருகிறவர்கள்.

போன மாதம் எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தில் இதைக் கிளப்பினேன். ஒரே ஒரு தெரு, சுமார் அறுநூறு மீட்டர் நீளம், ஞாயிறு காலை ஆறு முதல் ஒன்பது வரை மட்டும் வண்டி வராமல் நிறுத்த முடியுமா என்று கேட்டேன். பாதிப் பேருக்கு ஆசை, பாதிப் பேருக்கு எரிச்சல். செயலாளர், "யாரிடம் அனுமதி கேட்கணும்னு நீயே விசாரிச்சிட்டு வாம்மா" என்று முடித்துவிட்டார். அதனால் இங்கே கேட்கிறேன். அனுமதி யார் கொடுப்பார்கள்? குறுக்குத் தெருக்களை என்ன செய்வது? அந்தத் தெருவிலேயே வீடு உள்ளவர்கள் அவசரமாக வெளியே போக வேண்டும் என்றால்? வேறு ஊர்களில் எப்படி நடத்துகிறார்கள் என்று தெரிந்தவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

சில்க்போர்டு சிக்னல் எழுதியது:

நல்ல விஷயம் மேடம், விட்டுவிடாதீர்கள். பெங்களூரில் 2013 அக்டோபரில் சைக்கிள் டே என்று ஆரம்பித்தார்கள், கர்நாடக அரசின் நகர்ப்புறப் போக்குவரத்துத் துறை பின்னால் இருந்தது. ஆனால் பேட்டை பேட்டையாக நடத்தியது என்னவோ அந்தந்தப் பகுதி ஆட்கள்தான். எங்கள் லேஅவுட்டில் நடந்தபோது நான் வாலண்டியராக நின்றிருக்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

தெருவின் இரண்டு முனைகளை மூடுவது ஒரு வேலையே இல்லை. போலீஸ் பேரிகேட் வந்துவிடும், இல்லாவிட்டால் கயிறும் நாலு நாற்காலியும் போதும். உயிரை எடுப்பது நடுவில் வந்து முட்டும் குறுக்குத் தெருக்கள்தான். ஒவ்வொன்றிலும் ஆள் நிற்க வேண்டும், அதுவும் சும்மா கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் ஆள் போதாது. வருகிறவரிடம் "சார், ஒன்பது மணி வரைக்கும் இப்படிச் சுத்திப் போயிடுங்க" என்று சிரித்த முகத்தோடு இருபது தடவை சொல்லும் பொறுமை உள்ளவர் வேண்டும். எங்களிடம் ஒரு ஓய்வுபெற்ற பள்ளி பி.டி. மாஸ்டர் இருந்தார், அவர் நிற்கும் முனையில் சண்டையே வராது. ஒரு கல்லூரிப் பையனை நிறுத்திய முனையில் தினம் பஞ்சாயத்துதான்.

அந்தத் தெருவிலேயே வீடு உள்ளவர்கள் காரை எடுக்க வேண்டும் என்றால் எடுக்கட்டும். வாலண்டியர் ஒருவர் முன்னால் நடந்து போக, பின்னால் நடை வேகத்தில் கார் வரும், பிள்ளைகள் ஒதுங்கிக்கொள்வார்கள். இதை முதல் வாரமே வீட்டுக்கு வீடு போய்ச் சொல்லிவிட்டால் பாதி எதிர்ப்பு அடங்கிவிடும். எங்களை எங்கள் வீட்டிலேயே அடைத்து வைக்கிறார்களே என்ற பயம்தான் அவர்களுக்கு, சைக்கிள் மேல் ஒரு கோபமும் இல்லை.

கறிக்கடை வரிசை எழுதியது:

கொஞ்சம் கசப்பாகப் பேசுகிறேன், மன்னிக்கவும். இதெல்லாம் நாம் பார்க்காததா? 2014-ல் பெசன்ட் நகர் கடற்கரைப் பக்கம் ஞாயிறு காலையில் வண்டிகளை நிறுத்தி நம்ம தெரு நமக்கே என்று கொண்டாடினார்கள், நானும் போனேன், உண்மையிலேயே நன்றாக இருந்தது. பிறகு அங்கங்கே இதே மாதிரி பல பேர் பல பெயரில் நடத்தினார்கள். நான் போன ஒன்றில் காலை ஏழு மணிக்கு மேடை, ஆளுயர ஸ்பீக்கர், டான்ஸ், வங்கிக் கடனுக்கு ஒரு ஸ்டால், பல் மருத்துவமனைக்கு ஒரு ஸ்டால். சைக்கிளோடு வந்த பிள்ளைகள் கூட்டத்தில் ஓட்ட முடியாமல் தள்ளிக்கொண்டே நடந்தார்கள். தெருவை மூடியது பிள்ளைகளுக்கா, பேனருக்கா?

அப்புறம் இன்னொன்று. ஞாயிறு காலை என்பது நம் ஊரில் காலியான நேரம் இல்லை. கறிக்கடையில் ஏழு மணிக்கே வரிசை நிற்கும், சர்ச்சுக்குப் போகிறவர்கள் இருப்பார்கள், முகூர்த்த நாள் என்றால் மண்டபத்துக்கு வேன் வேனாக வரும். தெருவில் பூ விற்கிற அம்மாவுக்கு ஸ்கூட்டரில் நின்று வாங்கிப் போகிறவர்கள்தான் வியாபாரமே. அவர்களிடம் யாராவது கேட்டீர்களா? சங்கத்தில் கை தூக்குகிறவர்கள் எல்லோரும் வீட்டுச் சொந்தக்காரர்கள். வாடகைக்கு இருக்கிறவர்களையும் கடைக்காரர்களையும் கூட்டத்துக்கே கூப்பிடுவதில்லை.

இரண்டாயிரத்து அறுநூறு மீட்டர் எழுதியது:

கறிக்கடை அண்ணன் சொல்வது நியாயமான பேச்சு. நான் வேலை நிமித்தம் கொலம்பியாவின் போகோட்டாவில் சில வருடம் குடும்பத்தோடு இருந்தவன். தெருவை மூடி சைக்கிள் ஓட்டுவதில் உலகத்துக்கே வாத்தியார் ஊர் அது. 1974 டிசம்பர் 15 அன்று, கார்கள் ஊரை விழுங்குகின்றன என்று சில ஆர்வலர்கள் இரண்டு பெரிய சாலைகளைச் சில மணி நேரம் மூடவைத்து சைக்கிளோடு இறங்கியதுதான் தொடக்கம். 1976-ல் நகர நிர்வாகம் ஆணை போட்டு அதை முறைப்படுத்தியது. நடுவில் தேங்கிக் கிடந்து, 90-களில் மறுபடி விரிந்தது. இன்றைக்கு ஒவ்வொரு ஞாயிறும், ஒவ்வொரு பொது விடுமுறை நாளும், காலை ஏழு முதல் மதியம் இரண்டு வரை, 120 கிலோமீட்டருக்கு மேல். பெயர் சிக்லோவியா.

நான் முதலில் கற்பனை செய்தது ஊரே ஸ்தம்பித்துப் போயிருக்கும் என்று. போய்ப் பார்த்தால் அப்படி இல்லை. நடுவில் மீடியன் உள்ள அகலமான சாலைகளில் ஒரு பக்கத்தை மட்டும்தான் சைக்கிளுக்குக் கொடுப்பார்கள், மறுபக்கத்தில் இரண்டு திசை வண்டிகளும் போய்க்கொண்டிருக்கும். குறுக்குச் சாலைகளையும் அடைப்பதில்லை. சீருடை போட்ட பணியாளர்கள் கையில் நில் பலகையோடு நிற்பார்கள், கொஞ்ச நேரம் வண்டியை விடுவார்கள், அப்புறம் அதை நிறுத்தி சைக்கிளை விடுவார்கள். என் மகள் அப்போது இரண்டாம் வகுப்பு, அந்தப் பலகை திரும்புவதற்காக ஒரு காலை ஊன்றி, மற்றொரு காலை பெடல் மேல் வைத்துத் தயாராக நிற்பாள். பக்கத்தில் ஈட்டி மாதிரி ரேஸ் சைக்கிளில் வந்த பெரிய மனிதரும் அவளோடு அதே மாதிரி காத்திருப்பார்.

மேடையும் உண்டு அங்கே. ஆனால் உடற்பயிற்சி வகுப்புகள் எல்லாம் பூங்காவிலோ சதுக்கத்திலோ ஒதுக்குப்புறமாக நடக்கும், ஓடுபாதை நடுவில் இல்லை. வியாபாரம் என்றால் ஆரஞ்சுச் சாறு பிழிகிற தள்ளுவண்டியும் பழத்துண்டும், குடையை விரித்து பம்போடு உட்கார்ந்திருக்கும் பஞ்சர் கடைக்காரரும். சிக்லோவியாவால் அவர்களுக்கு ஞாயிறுதான் நல்ல வசூல். உங்கள் பூக்காரம்மாவையும் விரட்டாமல் ஓரமாக உட்கார வையுங்கள், பிள்ளைகளோடு வரும் அம்மாக்கள் வாங்காமலா போவார்கள்?

என்னைக் கேட்டால் அந்த ஊரின் சூட்சுமம் ஒன்றுதான்: ஞாயிறு தவறாமல் வருகிறது. யாரும் நோட்டீஸ் ஒட்டுவதில்லை, திறப்பு விழா இல்லை, தலைவர் வந்து கொடியசைப்பதில்லை. எந்த ஞாயிறும் அந்தச் சாலை அப்படித்தான் என்று டாக்சிக்காரரில் இருந்து பால்காரர் வரை தெரிந்து, அதற்கேற்ப வழியை மாற்றிக்கொண்டுவிட்டார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நடத்தினால் ஒவ்வொரு முறையும் எல்லோருக்கும் அது புதிய தொல்லை. ஜகார்த்தாவிலும் சுதிர்மான், தம்ரின் என்ற முக்கியச் சாலைகளை ஞாயிறு காலையில் மூடுகிறார்கள், ஆனால் நகரப் பேருந்துகள் தங்கள் தடத்தில் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஊர் நிற்க வேண்டிய அவசியமே இல்லை.

பழைய ரிஜிஸ்டர் எழுதியது:

அனுமதி பற்றி யாரும் சொல்லவில்லையே, நான் சொல்கிறேன். அரசு அலுவலகத்தில் காலம் தள்ளியவன், இந்த மாதிரி மனுக்கள் எப்படி நகரும், எங்கே தூங்கும் என்று தெரியும்.

முதலில் ஒன்று, சங்கமாகவே கயிறு கட்டித் தெருவை அடைக்க உங்களுக்கு அதிகாரம் கிடையாது. பொதுச் சாலை அது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 115-ன் கீழ் மாநில அரசோ, அரசு அதிகாரம் கொடுத்த அமைப்போ, பொதுமக்களின் பாதுகாப்பு அல்லது வசதியை முன்னிட்டு ஒரு சாலையில் வாகனங்களைத் தடுக்கலாம். அந்தத் தடை ஒரு மாதத்துக்கு மேற்படாது என்றால் அரசிதழில் வெளியிட வேண்டிய அவசியம்கூட இல்லை, உள்ளூரில் தெரியப்படுத்தினால் போதும் என்று அதே பிரிவில் இருக்கிறது. ஆகவே "சட்டத்தில் இடமில்லை" என்று யாராவது சொன்னால் பணிவாக இந்தப் பிரிவை எடுத்துக் காட்டுங்கள்.

நடைமுறையில் உங்கள் பகுதியின் போக்குவரத்துக் காவல் உயரதிகாரிக்கு மனு எழுதுங்கள், நகல் உள்ளூர் காவல் நிலையத்துக்கும் மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்கும். கவுன்சிலரை நேரில் பார்த்துவிடுங்கள், கடைசியில் அவர் காதுக்குப் போனால் கோபித்துக்கொள்வார். மனுவோடு கையால் வரைந்த படம் ஒன்று வையுங்கள்: எந்த முனையில் பேரிகேட், வண்டிகள் எந்தத் தெரு வழியாகச் சுற்றிப் போகும், ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் எந்தப் பக்கமாக நுழையும். அதிகாரி முதலில் தேடுவது அந்தக் கடைசி விஷயத்தைத்தான். பஸ் போகிற தெருவைக் கேட்காதீர்கள், மருத்துவமனை உள்ள தெருவைக் கேட்கவே கேட்காதீர்கள். "நிகழ்ச்சி" என்ற வார்த்தையையும் மனுவில் எழுதாதீர்கள், எழுதினால் பந்தோபஸ்து, மேடை, ஒலிபெருக்கி அனுமதி என்று ஃபைல் தடித்துக்கொண்டே போகும். நான்கு ஞாயிறுகளுக்கு மட்டும் பரீட்சார்த்தமாக என்று கேளுங்கள்.

பின்சீட் அம்மா எழுதியது:

எல்லோரும் தெருவைப் பற்றியே பேசுகிறீர்கள், சைக்கிளை யாராவது பார்த்தீர்களா? எங்கள் பேட்டையில் இப்படி ஒரு காலையில் வந்த பிள்ளைகளின் சைக்கிளில் பாதிக்கு டயரில் காற்றே இல்லை. பிறந்தநாளுக்கு வாங்கி பால்கனியில் நின்றவைதானே எல்லாம். முந்தின நாள் சாயங்காலமே காற்று அடித்து, சங்கிலிக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, பிரேக் பிடிக்கிறதா என்று பாருங்கள்.

பிரேக்கில் இன்னொரு விஷயம், சகோதரி. ஆறு வயதுப் பையன் என்கிறீர்கள். அந்த வயதில் விரல் பிரேக் பிடி வரைக்கும் எட்டாது, எட்டினாலும் நுனி விரலால் அழுத்தும் பலம் இருக்காது, அதனால்தான் காலைத் தரையில் தேய்த்து நிறுத்துவார்கள், செருப்பு தேய்வதைப் பார்த்தாலே தெரியும். நிறைய சைக்கிள்களில் பிடியின் மேல் பக்கம் ஒரு பொடி ஸ்க்ரூ இருக்கும். அதை உள்ளே முறுக்கினால் பிடி ஹேண்டில்பாருக்குக் கிட்டே வந்துவிடும். அதன் பிறகு பிரேக் சரியாகப் பிடிக்கிறதா என்று ஒருமுறை தள்ளிப் பார்த்துவிடுங்கள். சைக்கிள் கடையில் சொன்னால் அவர்களே செய்து தருவார்கள்.

சைடு வீல் இன்னும் மாட்டியிருந்தால் காலித் தெரு கிடைக்கிற அன்றைக்கே கழற்றிவிடலாம். சீட்டை இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் படுகிற அளவுக்கு இறக்கி, பெடலையும் கழற்றி, காலால் உந்தி உந்திப் போகச் சொல்லுங்கள். பேலன்ஸ் வந்ததும் பெடலை மாட்டினால் தானாக ஓட்டும். பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு முதுகு வலிக்க ஓடுகிற வேலை நமக்கு மிச்சம். ஹெல்மெட் கட்டாயம், பெண் பிள்ளைகள் துப்பட்டாவோ தொங்கும் நாடாவோ இல்லாமல் வரட்டும். போகும்போதும் திரும்பி வரும்போதும் எல்லோரும் அவரவர் இடது பக்கமாகவே ஓட்ட வேண்டும் என்பதை மட்டும் கறாராகச் சொல்லுங்கள். பதினைந்து வயதுப் பையன்கள் கியர் சைக்கிளில் ரேஸ் விட வருவார்கள், விரட்ட வேண்டாம், ஏழரை மணி வரை அவர்களுக்கு, அதற்கு மேல் சின்னதுகளுக்கு என்று பிரித்துவிட்டால் சரியாகப் போகும்.

வாசல்திண்ணை எழுதியது:

இவ்வளவு விவரம் வரும் என்று நினைக்கவே இல்லை. பழைய ரிஜிஸ்டர் ஐயா, படம் வரைய ஆரம்பித்துவிட்டேன். கறிக்கடை அண்ணா, நீங்கள் கேட்டது உறைத்தது, நேற்று தெருவில் இருக்கிற கடைகளுக்கெல்லாம் போய்ப் பேசினேன். இஸ்திரி வண்டிக்காரர் ஞாயிறு வருவதே இல்லையாம். டீக்கடைக்காரருக்குச் சந்தோஷம், கூடுதல் பால் வாங்கி வைக்கிறேன் என்கிறார். ஆட்டுக்கறிக் கடைக்காரர்தான் முடியவே முடியாது என்கிறார். அவர் கடை தெருவின் மேற்கு முனையில் இருந்து நூறு மீட்டர் உள்ளே இருக்கிறது.

கறிக்கடை வரிசை எழுதியது:

அப்படியானால் அந்த நூறு மீட்டரை விட்டுவிடுங்களேன். பேரிகேட்டைக் கடையைத் தாண்டிப் போடுங்கள், உங்களுக்கு ஐநூறு மீட்டர் மிஞ்சும், அது பிள்ளைகளுக்குத் தாராளம். வரிசை பேரிகேட் பக்கம் திரும்பாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி அவரிடமே ஒரு பொறுப்பும் கொடுத்துவிடுங்கள். ஆனால் தீபாவளி வருகிற வாரம் மட்டும் கேட்காதீர்கள், அன்றைக்கு அந்தத் தெருவை யாராலும் மூட முடியாது.

சில்க்போர்டு சிக்னல் எழுதியது:

அண்ணன் சொன்னதுதான் சரி. கடைக்குக் கிட்டே போடுகிற பேரிகேட்டில் மட்டும் இரண்டு பேரை நிறுத்துங்கள் மேடம். ஒருத்தர் டீ குடிக்கப் போனாலும் இன்னொருத்தர் இருக்க வேண்டும், ஸ்கூட்டர்கள் சந்து பார்த்து நுழைவது அந்த இடத்தில்தான்.