2147483647 பகா எண் என்று கையால் எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

கதிர்:
ஜாவா புரோகிராமிங் லேபில் ஒரு இன்ட்டில் (முழு எண்ணை வைக்கும் இடம்; அதில் அடங்கும் மிகப் பெரிய எண் இதுதான்) 2147483647 போட்டு 1ஐக் கூட்டினேன். மைனஸ் 2147483648 என்று வந்தது. அது பகா எண் என்றும், 1772-இலேயே கணித மேதை ஆய்லர் நிரூபித்துவிட்டார் என்றும் சார் சொன்னார். அதன் வர்க்கமூலம் 46340-க்குச் சற்று மேல். அதுவரை பகா எண்களே ஏறத்தாழ 4,800 இருக்கின்றன. அத்தனையாலுமா வகுத்துப் பார்த்தார்?

மலர் டீச்சர்:
இல்லை தம்பி. முக்கால்வாசிக்கு மேல் வகுக்காமலேயே தள்ளிவிடலாம். நான் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவள், எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது.

உன் எண் 2^31 − 1, அதாவது 31 இரண்டுகளைப் பெருக்கி 1ஐக் கழித்தது. அதை 'ப' என்ற பகா எண் மீதியில்லாமல் வகுக்கிறது என்று வை. அப்போது 2^31-ஐ ப-ஆல் வகுத்தால் மீதி 1. ஃபெர்மாவின் சிறு தேற்றப்படி 2^(ப−1)-க்கும் மீதி 1. மீதி 1 வரும் மிகச் சிறிய அடுக்கு எதுவோ, அது 31, ப−1 இரண்டையும் வகுத்தாக வேண்டும். 31 பகா எண், அடுக்கு 1 ஆக வழியில்லை, எனவே அது 31தான். ப ஒற்றைப்படை என்பதால் ப−1 இரட்டை. ஆக, ப−1 என்பது 62-இன் மடங்கு!

இன்னொரு சல்லடையும் உண்டு. 2^32-க்கு மீதி 2. ஆனால் 2^32 என்பது 2^16-இன் வர்க்கம். அதாவது ப-ஆல் வகுத்தால் மீதி 2 வருகிற ஒரு வர்க்கம் இருக்கிறது. அப்படி இருந்தால் ப-ஐ 8-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 7தான் வரும். இரண்டையும் சேர்த்தால், ப-ஐ 248-ஆல் வகுக்க மீதி 1 அல்லது 63. அப்படிப்பட்ட பகா எண்கள் 46340 வரை எண்பது சொச்சம்தான்.

முதலில் வருவது 311. லீவில் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு போட்டேன்: 311 × 6905092 = 2147483612, மீதி 35. அடுத்தது 1303. நடுவில் உள்ள 497, 559 எல்லாம் பகு எண்கள், தொடவே வேண்டாம். இதை நிரூபித்த காலத்தில் ஆய்லருக்குக் கண்பார்வை ஏறக்குறைய போய்விட்டிருந்தது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

முரளி:
டீச்சர் சொன்னதோடு ஒன்று. இந்த எண்ணை வைத்துச் சமவாய்ப்பு (ரேண்டம்) எண்களும் உண்டாக்குவார்கள். ஒரு எண்ணை 16807-ஆல் பெருக்கி, 2147483647-ஆல் வகுத்து, மீதியை எடு; அதையே திரும்பப் பெருக்கு. 1 முதல் 2147483646 வரை எல்லா எண்ணும் ஒரு தடவை வந்த பிறகுதான் முதல் எண் திரும்ப வரும். வகுக்கும் எண் பகா எண்ணாக இருப்பதால்தான் இத்தனை நீளச் சுற்று கிடைக்கிறது. 16807 என்பது 7^5.

கதிர்:
நன்றி டீச்சர், நன்றி அண்ணா. ராத்திரி உட்கார்ந்து போட்டேன். 1303-க்கு மீதி 226. அப்புறம் 1489, மீதி 199. சரியா டீச்சர்?

மலர் டீச்சர்:
ரெண்டும் சரி தம்பி.